உண்ண மறுக்கும் பிள்ளை: நோன்பா, நோயா?

டிசம்பர் மாதத்துப் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அந்நாட்களில் நல்லதண்ணி மக்களின் கண்முன்னே நோன்பாளிகள் நடந்து போய்க்கொண்டே இருப்பர். மச்சம் விட்டவர், ஒரு வேளை மட்டும் உண்பவர், நேர்த்திக்காக வெறும் வயிற்றோடு மலையேறுபவர் எனப் பல சமயத்தாரையும் பார்த்துப் பழகிய ஊர் அது. அதே பருவகாலத்திற்குள்தான் எமது தபசு காலமும் வந்து போகின்றது. ஆகவே ஒருவர் உணவைத் தள்ளுகிறார் என்றவுடன் எம்மவர் மனதில் முதலில் எழுவது மரியாதையே. "பிள்ளை ஒருசந்தி பிடிக்கிறாள்" என்று சொல்வதில் தாய்க்கு ஒரு பெருமையும் உண்டு.

அப்பெருமையைக் குறை கூற நாம் வரவில்லை. நோன்பு போலவே தொடங்கி, நோன்பு முடிந்த பின்னும் முடியாமல் நீளும் ஒரு நோயைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்து லயத்திலும் இருக்கக் கூடியவள். வயது பதினைந்து. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள், வகுப்பில் முன்னுக்கு நிற்பவள், சொன்ன சொல் தட்டாதவள். விபூதிப் புதனன்று மச்சத்தை விட்டாள். சில நாட் கழித்து இராச்சோற்றை விட்டாள். பெரிய வெள்ளி போயிற்று, உயிர்ப்புத் திருநாளும் வந்தது. வீட்டார் எல்லோரும் இறைச்சிக் கறியோடு அமர்ந்திருக்க, அவள் மட்டும் "வயிறு ஊதிக்கிட்டு இருக்கும்மா" என்று சொல்லி வெறுந்தேத்தண்ணியோடு எழுந்து போனாள். பிறகு காலை ரொட்டியில் பாதி தம்பிக்குப் போயிற்று. அடுத்த மாதம் முழு ரொட்டியும் போயிற்று. டிஸ்பென்சரியில் கேஸ்ட்ரைட்டிஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். அம்மாயி கண் பட்டுவிட்டதென்று எலுமிச்சங்காய் சுற்றிப் போட்டாள். மாதவிடாய் மூன்று மாதமாக நின்றுவிட்டது. தாய் அதற்கு வேறொரு காரணத்தை நினைத்து, வாய்விட்டுக் கேட்கவும் பயந்து, இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். பிள்ளையோ நடுப்பகலிலும் சுவெட்டரைக் கழற்றுவதில்லை. மற்றவர்களுக்கு ஆசையோடு சமைத்துப் போடுவாள், பக்கத்தில் நின்று உண்ணச் செய்வாள், தான் உண்ணமாட்டாள். பஸ் இருந்தும் மேட்டில் நடந்தே பாடசாலைக்குப் போவாள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வந்திருப்பது பிடிவாதமும் அன்று, செய்வினையும் அன்று. மருத்துவ நூல்களில் பெயரும் இலக்கணமும் பெற்ற நோய் இது. அனொரெக்சியா நெர்வோசா என்பது அதன் பெயர். 1873இல் இலண்டனில் சேர் வில்லியம் கல் என்ற வைத்தியர் அப்பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில் பாரிசில் லசேக் என்பாரும் இந்நோயை விவரித்து எழுதினார். அதற்கும் முன்னரே, 1689இல் வெளியான தமது நூலில், ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மாதவிடாய் நின்றுவிட்டது, உடல் எலும்பாகிவிட்டது; ஆயினும் இரவும் பகலும் புத்தகமும் கையுமாக இருந்தாள். மருந்து வேண்டாமென்று தள்ளிவிட்டாள். மூன்று மாதத்தில் மயக்கம் வந்து இறந்து போனாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட அடையாளங்கள் இன்றும் மாறவில்லை.

இந்நோய்க்கு ஒரு சகோதரியும் உண்டு. இவ்வகையினர் உண்ணாமல் இருப்பதில்லை. ஒளிந்திருந்து அளவுக்கு மிஞ்சி உண்பர், பின் வெட்கமும் பயமும் மேலிட அதை வாந்தியெடுத்து வெளியேற்றுவர். இதனை 1979இல் ஜெரால்ட் ரசல் என்பவர் புலிமியா நெர்வோசா எனத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். இவர்களின் உடல் மெலியாமலே இருக்கலாம். ஆகையால் வீட்டாருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலும் போகலாம். உண்டவுடன் கழிவறைக்கு ஓடுவதும், பற்கள் கரைந்து கூசுவதும், கன்னத்தின் அடி வீங்குவதும், விரல் முட்டிகளில் தழும்பு இருப்பதும் அடையாளங்கள். வேறு சிலர் வாந்தியெடுக்காமலே, தம்மைக் கட்டுப்படுத்த இயலாது உண்டு தீர்த்து மனம் நொந்து கிடப்பர். ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வருவதுண்டு என்பதை மறத்தலாகாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் வியாதி, மெலிய வேண்டுமென்ற நாகரிகப் பைத்தியம்" என்று நம்மில் படித்தவர்களே சொல்வார்கள். அவ்வாறு சொல்வதாற்தான் எமது பிள்ளைகளின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. 1995இல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்து வைத்தியர்கள், உணவை மறுத்து மெலிந்த ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். மேல்நாட்டு நோயாளரிடம் காணப்படும் "நான் பருத்துவிட்டேன்" என்ற மயக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல வைத்தியரும் இவ்வாறே கண்டார்: அங்குள்ள நோயாளரில் பலர் வயிறு நிறைந்திருக்கிறது, ஊதியிருக்கிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். சென்னையிலும் 1990களில் மருத்துவக் கல்லூரி மாணவரிடையே உண்பதைப் பற்றிய துன்பம் மேல்நாட்டார் வகுத்த சட்டத்துக்குள் அடங்காத வேறொரு உருவில் இருப்பதை அங்குள்ள ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஆக, "வயிறு ஊதிக்கிட்டு இருக்கும்மா" என்ற சொல்லைக் கேட்கும் தாய் கேஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையோடு நின்றுவிடலாகாது.

நாகரிகத்திற்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டோம். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன் அங்கே பருத்த உடலே அழகு. மூன்றாண்டு கழித்து, 1998இல், ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அத்தீவுப் பெண் பிள்ளைகளைக் கேட்டபோது, உடல் மெலிய வாந்தியெடுப்பதாக நூற்றுக்குப் பதினொருவர் ஒப்புக்கொண்டனர். தொலைக்காட்சி வந்த புதிதில் ஒருவரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. இன்று எமது லயங்களில் கைத்தொலைபேசி இல்லாத காம்பரா எது? கொழும்புக்கு வேலைக்குப் போன அக்காள் அனுப்பும் படமும், சொந்தக்காரர் கலியாண வீட்டில் "குண்டச்சி" என்று கூப்பிட்டுச் சிரிப்பதும் சேர்ந்து ஒரு பிள்ளையின் மனதில் என்ன செய்யும் என்பதை நாம் எண்ணுவதே இல்லை.

எனினும் மலையகத்திற்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. இங்கே மெலிவு ஒரு புதினம் அன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப் புறத்தில் 31.7 பேர். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது வேளை உணவைக் குறைத்த குடும்பங்களில் எம்மவர் முன்வரிசையில் நின்றனர். கொழுந்தெடுத்து வந்து, சமைத்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்பது எங்கள் தாய்மாரின் பழக்கம். இத்தகைய இடத்தில் ஒரு பிள்ளை உண்ணாமல் இருப்பதை யார் கவனிப்பார்? தன் பங்கைத் தம்பிக்குக் கொடுக்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்றே சொல்வோம். வறுமைப் பட்டினி கிடப்பவன் சோறு வந்தவுடன் கை நீட்டுவான். இந்நோயாளி சோறு வந்தவுடன் கையை இழுத்துக்கொள்வாள். பிரித்தறிவதற்கு இதுவே முதல் அடையாளம்.

பட்டினி மனதையும் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு செய்தி. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டுப் போருக்குப் போக மறுத்த 36 வாலிபர் அதற்குத் தாமாக முன்வந்தனர். அவர்கள் சுகதேகிகள், மன உறுதி மிக்கவர்கள். ஆறு மாதம் அரை வயிற்று உணவு. அவ்வளவுதான்: சிரிப்பு மறைந்தது, கோபம் வந்தது, நண்பரை வெறுத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சோறே கண்டார்கள். உணவு திரும்பக் கிடைத்த பின்னும் பலருக்கு மனம் உடனே தெளியவில்லை. எனவே எமது பிள்ளையின் எரிச்சலும், தனிமையும், சமையலில் பெருகும் ஆசையும் அவளுடைய குணம் அல்ல. பட்டினி கிடக்கும் மூளை செய்யும் வேலை. அத்தகைய மூளைக்குப் புத்திமதி ஏறாது. முதலில் உணவு, பிறகுதான் உபதேசம்.

புனித கத்தரீனம்மாளின் சாட்சியம்

இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு கேள்வி எழும். புனிதர்கள் உண்ணாமல் இருக்கவில்லையா? சியன்னா நகர்ப் புனித கத்தரீனம்மாளை எடுத்துக்கொள்வோம். 1347இல் பிறந்தவர். சாயத் தொழில் செய்த பெரிய குடும்பம். மணமான அக்காள் 1362இல் பிள்ளைப்பேற்றில் இறந்துவிட, பெற்றோர் இவரை மணமுடித்து வைக்கப் பார்த்தனர். பதினைந்து பதினாறு வயதில் உணவைக் குறைத்தார். நாளடைவில் உணவு அவருடைய உடலிலேயே தங்கவில்லை. அவருடைய ஆன்ம குருவான கப்புவா நகர் ரைமுந்து அடிகளார் தாம் எழுதிய வரலாற்றில் இவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1380 ஏப்ரல் 29ஆம் நாள், 33ஆம் வயதில் மரித்தார். 1970இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக உயர்த்தினார்.

அவருக்கு இருந்தது நோயா, வரமா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். 1985இல் ருடோல்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் அதை அனொரெக்சியாவோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். 1987இல் கரோலைன் பைனம் என்ற அம்மையார், அக்காலப் பெண்களுக்கு உணவு என்பது வேறு பொருள் தந்தது என்று எழுதினார். அவ்வழக்கை நாம் தீர்க்க முடியாது. நமக்கு வேண்டியது கத்தரீனம்மாளின் சொந்த வாக்கு. அவர் உண்ணாததைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய ஒருவருக்குப் பதில் எழுதும்போது, தாம் அன்றாடம் ஓரிரு முறை வலிந்து உண்ண முயல்வதாகவும், மற்றவரைப் போல் உண்ணும் வரத்தை இறைவனிடம் கேட்பதாகவும் கூறுகிறார். அதைத் தமது பலவீனம் என்றாரே தவிரப் பெருமை என்று சொல்லவில்லை. கடுந்தபசில் இறங்கிய தானியேலா என்ற கன்னியருக்கு எழுதிய கடிதத்திலோ இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார்: உடல் பலவீனப்பட்டால் நோன்பை விட்டுவிட வேண்டும், இறைச்சியும் உண்ண வேண்டும், ஒரு தரம் போதாவிட்டால் நாளுக்கு நான்கு தரம் உண்ண வேண்டும். நோன்பின் பெயரால் பிள்ளை மெலிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார், புனிதையின் படத்தைச் சுவரில் மாட்டுவதோடு இக்கடிதத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது.

திருச்சபையின் சட்டமும் தெளிவானதே. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்தவர்களையே கட்டும். ஒருசந்தியோ பதினெட்டு வயது நிறைந்தவர்களையே கட்டும். அதுவும் அறுபதாம் வயது தொடங்கும் வரை. எல்லோருக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட ஒருசந்தி நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமாகிய இரண்டு மட்டுமே. நோயாளரை இச்சட்டம் கட்டாது என்பது பழைய போதனை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒருசந்திக் கடமையே கிடையாது என்றால், நோய்ப்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஞானோபதேச ஆசிரியர்கள் இதை வகுப்பில் எடுத்துச் சொன்னால் பெரும் உபகாரம். உண்டதையே பாவமாக எண்ணிப் பாவசங்கீர்த்தனத்தில் அழும் பிள்ளையைச் சந்திக்கும் குருவானவரும், பாவமன்னிப்போடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் போகச் சொல்வாரானால் அவளுடைய உயிரையே காத்தவராவார்.

உயிர் என்று சொன்னது மிகையன்று. மனநோய்கள் எல்லாவற்றிலும் மரணம் அதிகம் விளைவிப்பனவற்றுள் அனொரெக்சியாவும் ஒன்று. நாடித் துடிப்பு மந்தமாகும், இரத்த உப்புகள் குறையும், இருதயம் சொல்லாமல் நின்றுவிடும். 1983 பெப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கரென் கார்ப்பென்டர் 32 வயதில் இறந்ததும் இதனாற்தான். பணமும் புகழும் உள்ளவர். உடல் எடை ஓரளவு ஏறியும் இருந்தது. இருதயம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. இந்நோயில் இறப்போரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எழுந்து நிற்க இயலாமை, தண்ணீரையும் மறுத்தல், கால் வீக்கம், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்கென்று வைக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வைத்தியம் எங்கே, எப்படி?

ஒரு எச்சரிக்கை. பல கிழமை பட்டினி கிடந்த பிள்ளைக்கு, பயந்துபோன உறவினர் கோழியும் முட்டையும் கொண்டுவந்து ஒரேயடியாக ஊட்டலாகாது. 1945இல் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக்காரரில் சிலர் வயிறார உண்ட பின்னரே இறந்தார்கள். திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்திலுள்ள பொஸ்பேட் போன்ற உப்புகள் சடுதியாகக் குறைவதே காரணம். மிகவும் மெலிந்தவர்களுக்கு உணவு வைத்தியரின் கண்காணிப்பில், இரத்தம் பரிசோதித்து, படிப்படியாக ஏற்றப்பட வேண்டும்.

நல்லதண்ணியிலிருந்து போகிறவர்கள் மஸ்கெலியா வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். கிளங்கனில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்ட கட்டடம் அதுவே. மேலும் தேவையானால் நுவரெலியா, பேராதனை, கண்டி வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளுக்குக் கடிதம் பெறலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இவையாவும் இலவசம். போகுமுன் பேச விரும்புவோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்குத் தமிழிலும் பேசலாம். அந்நிறுவனம் அங்கொடையில் இருக்கிறது என்றவுடன் சிலர் பின்வாங்குவர். "அங்கொடை" என்பதை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோமே, அதன் பலன் இது. மனநல வைத்தியரிடம் போனால் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் வரும், கலியாணம் குழம்பும் என்று ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்து வைத்த ஒவ்வொரு மாதமும் நோய் வேர் விடுகின்றது.

வைத்தியர் முதலில் நாடி, இரத்த அழுத்தம், இருதயத் துடிப்பு, இரத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார். பிறகு உணவு முறையும் பேச்சு வழிச் சிகிச்சையும் தொடங்கும். அனொரெக்சியாவைத் தானாகவே தீர்க்கும் மாத்திரை கிடையாது. புலிமியாவுக்கு உதவும் மருந்து உண்டு. வைத்தியர் எழுதித்தந்தால் மட்டுமே அதை எடுக்க வேண்டும். 1873இல் கல் அவர்கள், இந்நோயாளரைப் பராமரிக்க உறவினர் உதவார் என்று எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து அக்கருத்து புரட்டப்பட்டது. 1987இல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையினர் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோய்ப்பட்டு மூன்றாண்டு தாண்டாதவர்கள், பெற்றோர் முன்னின்று உணவளிக்கும் முறையிலேயே நன்கு தேறினர். ஆகவே "யார் குற்றம்?" என்று வீட்டுக்குள் வழக்குப் பேச வேண்டாம். தகப்பன் தாயைக் குற்றஞ்சாட்டுவதும், தாய் தன் தலையிலடித்துக்கொள்வதும் பிள்ளையை இன்னும் ஒடுக்கிவிடும். பக்கத்தில் உட்காருங்கள், வைத்தியர் சொன்ன அளவை வையுங்கள், உண்டு முடியும் வரை இருங்கள், உடம்பைப் பற்றி, நல்லதாயினும் கெட்டதாயினும், ஒரு வார்த்தையும் வேண்டாம். "கன்னம் வைத்திருக்கிறதே" என்ற பாராட்டும் அவளுக்கு ஊசி குத்தியது போலாகும்.

குணமாவது மெதுவாகத்தான். பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2002இல் ஸ்டைன்ஹவுசன் என்பவர் பார்த்தபோது, பிழைத்திருந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் முழுச் சுகம் பெற்றிருந்தனர். மூவரில் ஒருவர் ஓரளவு தேறியிருந்தார். ஐவரில் ஒருவருக்கு நோய் நீடித்தது. இளவயதில் நோய் தொடங்கியவர்கள் ஒப்பளவில் நன்றாகத் தேறினர்.

கிளினிக்கிற்குப் போகும் நாளில் தாய்க்கு ஒரு நாள் பேர் போய்விடும். அது சிறிய நட்டமல்ல என்பதை அறிவோம். அந்த ஒரு பயணம் வீணாகாதிருக்கச் சிலவற்றை முன்கூட்டியே ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, மூன்று நாளாக உண்டது குடித்தது எல்லாம், மயங்கி விழுந்த நாட்கள், டிஸ்பென்சரியில் தந்த மாத்திரைகளின் பெயர். பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். வைத்தியர் சிங்களத்தில் பேசுவாரென்று அஞ்சினால், தோட்டத்து மருத்துவ மாதுவையோ, பாடசாலை ஆசிரியை ஒருவரையோ, பங்கிலுள்ள கன்னியரையோ துணைக்கு அழையுங்கள். பிள்ளையிடம் மறைத்துக் கூட்டிப்போக வேண்டாம். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதை முதல் நாள் இரவே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். வைத்தியரிடம் "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று தொடங்க வேண்டாம். "பிள்ளை சாப்பிடப் பயப்படுகிறாள்" என்று சொல்லுங்கள், அவர் விளங்கிக்கொள்வார்.